உதடு ஒட்டாத பேச்சு

கொஜே தீவின் தெற்குக் கரையில் இருக்கிற தொல்கே ஊரில் மல்சுக்கோடு வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. படகுத்துறைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். கறுப்புச் சிப்பிகளை ஓட்டோடு கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றில் கையால் வெட்டிய நூடுல்ஸ் போட்டுக் கொடுப்பாள். வயது ஐம்பத்தேழு. மீன் ஏலத்தில் ஆண்கள் அடித்துக்கொள்ளும்போது கூட அவள் கடை வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் கை ஓங்கியவன் இறக்கிவிடுவான். புருஷன் சங்ரொக் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். அவன் பேச்சு, அவள் விட்டு வைக்கிற இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு பிற்பகல் நேரம், மீன்வளத் துறையிலிருந்து ஹாரிம் என்ற இளம்பெண் வந்து விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவிப்பை ஒட்டினாள். பாறைகளில் சிப்பி எடுக்கக் கூடாது, எடுத்ததைத் தின்னக் கூடாது, மறு அறிவிப்பு வரும்வரை. போன வசந்தத்திலும் இதே அறிவிப்பு வந்து மல்சுக்கின் அடுப்பு வாரக்கணக்கில் அணைந்து கிடந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஈரக்கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு அவள் கம்பத்தடிக்கு வந்தாள்.

"இந்தா பொண்ணு, கடலைப் பாத்தியா நீ? அடியில கெடக்கிற கல்லு தெரியுது. இதுல எங்க இருக்கு விஷம்?"

ஹாரிம் பொறுமையாகவே சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத பாசிதான் விஷம். அதைத் தின்ற சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, சிப்பியைத் தின்ற மனிதருக்குத்தான் ஆகும். கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. முதலில் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், அப்புறம் விரல் நுனி, அதற்குப் பிறகு நெஞ்சு மூச்சு இழுக்க மறந்துவிடும்.

"எங்கம்மா என்னை வயித்துல சொமந்துக்கிட்டு இதே பாறைச் சிப்பியத்தான் தின்னா. நான் மரத்துப்போயா பொறந்திருக்கேன்?" என்றாள் மல்சுக். படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கிளப்பிவிட்டது. காலையில் கடல் வற்றியபோது பாறையில் அடித்து எடுத்த சிப்பி வாளியோடு உள்ளேதான் இருந்தது. அதை அப்படியே பெரிய சட்டியில் கவிழ்த்து அடுப்பேற்றினாள். ஓடு வாய் பிளந்ததும் ஒரு கிண்ணம் நிறைய அள்ளிக்கொண்டு வந்து, வாசலில் நாற்காலி போட்டு, ஹாரிமுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். வேர்க்கடலை உடைத்துத் தின்பது போலத் தின்றாள். ஓடுகளைக் காலடியில் வீசினாள். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். பெண்கள் கைதட்டினார்கள். ஊர்த்தலைவர் ஜுங்கில் மீனவர் சங்கக் கட்டிடத்து ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விரிகுடாவில் மிதக்கிற சிப்பிப் பண்ணைகளில் பாதி அவருடையவை. மீன்வளத் துறையின் அறிவிப்பு எந்த அளவுக்குக் கேலியாகிறதோ அந்த அளவுக்கு அவருக்கு நல்லது.

ஹாரிம் கோபப்படவில்லை. "அக்கா, உதடு மரத்தா மறைக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியைக் கிளப்பினாள்.

அவள் போனதும் பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் நடந்தார்கள். மல்சுக்கே தின்றுவிட்டாள், இனி என்ன. பக்கத்து வீட்டு யோனிம்தான் முதலில் போனாள். மல்சுக் அவளுக்குத் தன் கொக்கிக் கத்தியைக் கூடக் கொடுத்தனுப்பினாள்.

கிண்ணங்களைக் கழுவும்போதுதான் மேலுதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பச்சை மிளகாய், என்று நினைத்தாள். சாற்றில் இன்று தாராளமாகவே போட்டிருந்தாள். குளிர்ந்த தண்ணீரால் வாயைக் கொப்பளித்தாள். எரிச்சல் என்றால் தணியவேண்டும். இது தணியவில்லை, கீழுதட்டுக்கும் இறங்கியது.

பல் வைத்தியர் போட்ட ஊசி, என்று அடுத்த காரணம் கண்டுபிடித்தாள். போன வாரம் டவுனில் கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம் செய்தபோது சாயங்காலம் வரை உதடு யாருடையதோ போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது இடப்பக்கம் மட்டும். இது வாயைச் சுற்றிக் கோலம் போட்ட மாதிரி வட்டமாக இருந்தது. ஊசியின் வேகம் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வருமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, வராது என்று தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் பூசானில் இருக்கிற அக்காவின் ஞாபகம் வந்தது. அவளுக்கும் வாய் மரப்பில்தான் தொடங்கியது. மறுநாள் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மல்சுக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்த கண்ணாடி முன்னால் போய் நின்று பல்லைக் காட்டிச் சிரித்தாள். இரண்டு பக்கமும் சரியாகவே ஏறியது. பக்கவாதம் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்ச நேரம் ஏமாற முடிந்தது. சர்க்கரை மாத்திரை போடுகிறவள். சர்க்கரை தாழ்ந்தாலும் வாய் மரக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதுண்டு. ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டாள். மகள் கல்யாணத்தன்று பதற்றத்தில் மேல்மூச்சு வாங்கி உதடும் விரலும் மரத்து, யாரோ மெதுவாக மூச்சு விடச் சொன்னதும் சரியாகிவிட்டது. இன்றைக்கும் அறிவிப்பு ஒட்ட வந்த பெண்ணோடு கத்தினோமே, அதுதான், என்று உட்கார்ந்து மெதுவாக மூச்சு விட்டாள்.

மடியில் ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தால் மிட்டாய். வாயிலிருந்து அது நழுவியதே தெரியவில்லை. அதை எடுக்கப் போன விரல்களும் பஞ்சைத் தொடுவது போலத் தொட்டன.

உதடு, அப்புறம் விரல் நுனி. ஹாரிம் சொன்ன வரிசை. "இல்ல" என்று காலியான கடைக்குள் சத்தமாகச் சொன்னாள் மல்சுக். தோற்கிற பழக்கம் அவளுக்கு இருந்ததில்லை. அந்தப் பொடிப்பெண்ணிடம் தோற்பதா என்ற எண்ணம்தான் இத்தனை நேரமும் அவளை நாற்காலியில் பிடித்து வைத்திருந்தது.

சங்ரொக் எண்ணெய் படிந்த பூட்சோடு உள்ளே வந்தான். துடைத்த தரையில் நீளமாக அடிபதித்து நடந்தான். வசவு வரவில்லை. நின்று திரும்பிப் பார்த்தான். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த பூட்சுக்கு வசவு வராத நாள் இல்லை.

"என்னாச்சு?" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து நடந்து காட்ட நினைத்து, எழுந்தவள் மேஜையைப் பிடித்தாள். அவன் மறுவார்த்தை கேட்காமல் அவசர உதவிக்குப் போன் செய்தான். மறுமுனையில் இருந்தவர் கேள்வி கேட்கக் கேட்க அவன் அதையே அவளிடம் திருப்பிச் சொன்னான். முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா, இரண்டு கையையும் தூக்க முடிகிறதா, தலைவலி உண்டா, இன்று என்ன சாப்பிட்டாள். கடைசிக் கேள்விக்கு அவன் அவளைக் கேட்கவில்லை. வாசலில் சிதறிக் கிடந்த ஓடுகளைப் பார்த்தான். கீல்வாதக்காரன் என்பதால் அவன் சிப்பியைத் தொடுவதில்லை. ஆனால் அவள் எவ்வளவு தின்றிருப்பாள் என்று அந்தக் குவியலே சொன்னது.

"சிப்பி" என்றான் போனில். "பாறைச் சிப்பி. வயிறு நெறைய."

அவள் மறுக்கவில்லை. ஆம்புலன்ஸ் மலைப்பாதை சுற்றி வரவேண்டும், அதுவரை எதுவும் கொடுக்காதீர்கள், மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார்கள்.

சாயங்கால வெயில் துறையில் சாய்ந்திருந்தது. கடை ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். பெண்கள் பாறையிலிருந்து ஏறி வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வாளியின் கனத்தில் ஒவ்வொருத்தியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். சிலர் முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மேட்டுத் தெருவில் ஒரு சமையலறை ஜன்னல் ஆவியால் வெளுத்திருந்தது.

மல்சுக் சங்ரொக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு சங்கக் கட்டிடத்தைக் கைகாட்டினாள். ஒலிபெருக்கி அங்கேதான் இருந்தது. புயல் எச்சரிக்கை, சாவுச் செய்தி, உரம் வந்திருக்கும் சேதி, எல்லாம் அதில்தான் ஊருக்குப் போகும். நாலு வீடு தள்ளித்தான் கட்டிடம். கால் அவளுடையதாக இல்லை. பாதி தூரம் அவன் தூக்கிக்கொண்டுதான் போனான்.

ஊர்த்தலைவர் ஜுங்கில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். சங்ரொக் விஷயத்தைச் சொன்னான். தலைவரின் முகம் உண்மையாகவே வெளுத்தது. மல்சுக்கை நாற்காலியில் உட்கார வைத்தார், தோள்துணியை எடுத்துப் போர்த்தினார். அவள் மைக்கை நோக்கிக் கையை நீட்டியதும்தான் குறுக்கே வந்து நின்றார்.

"தங்கச்சி, நீ ஆஸ்பத்திரிக்குப் போ. நான் வீடு வீடா ஆள் அனுப்புறேன். மைக்ல சொன்னா அது மலைக்கு அந்தாண்ட கேக்கும். நாளைக்குச் சிப்பி ஏத்த லாரி வருது. பண்ணைச் சிப்பிய இன்னும் சோதிக்கல, அதுக்கு ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம். நீ பாறையில எடுத்ததுக்காக விரிகுடாவே கெட்ட பேரு வாங்கணுமா?"

அவர் சொன்னதில் பாதி நியாயம்தான். அவள் அதை அறிவாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உதடு ஒட்டவேண்டிய எழுத்தெல்லாம் வெறும் காற்றாகப் போனது. சிப்பி என்ற சொல்லே வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் ஒரு சண்டையில் பேச முடியாமல் நின்றாள். ஜுங்கில் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, "அதான் தங்கச்சி" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அவள் சங்ரொக்கைப் பார்த்தாள்.

யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசியறியாத சங்ரொக், தலைவரின் இரண்டு தோளையும் எண்ணெய்க் கையால் பிடித்து, எஞ்சினை இடம் மாற்றி வைப்பது போல ஓரமாக நகர்த்தி வைத்தான். "மன்னிச்சுக்கங்கண்ணே. அவ பேசட்டும்" என்றான். பொத்தானை அவனே அமுக்கினான்.

மல்சுக் மைக்கில் வாயை வைத்தாள். உதடு சேராமலே வருகிற சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். ஊரின் நாலு மூலைக் கம்பத்திலிருந்தும் குழறலாக ஒரு குரல் கிளம்பியது.

"கேளுங்க. கல்லுல எடுத்ததத் தின்னாதீங்க. நான் தின்னேன். நாக்கு நிக்கல. கை நிக்கல. சட்டியோட கீழ கொட்டுங்க. நாய்க்குக் கூட ஊத்தாதீங்க. தின்னாச்சுன்னா இங்க ஓடியாங்க. என்னாலதான் எடுத்தீங்க. அது என் தலையெழுத்து. உங்களுக்கு எதுக்கு."

முதலில் கேட்டவர்கள், மல்சுக் சோஜுச் சாராயத்தை ஊற்றிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டாள் என்றே நினைத்தார்கள். இரண்டு படகுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அவள் அதையே திரும்பச் சொன்னாள். மூன்றாவது தடவையும் சொன்னாள். குரல் ஒவ்வொரு தடவையும் தேய்ந்தது. நடு நடுவே மூச்சை இழுக்கிற சத்தம் ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சிரிப்பு நின்றது. மேட்டுத் தெருவில் ஒரு கதவு திறந்தது. யாரோ சட்டியோடு சாக்கடையில் கொட்டினார்கள். அடுத்த வீட்டிலும் கொட்டினார்கள்.

யோனிம் மட்டும் கையில் கரண்டியோடு சங்கக் கட்டிடத்துக்கு ஓடி வந்தாள். உப்புப் பார்க்கச் சாற்றை இரண்டு வாய் குடித்திருந்தாள். "அக்கா, எனக்கும் உதடு என்னமோ பண்ணுது. பயத்துல பண்ணுதா, நெஜமாவே பண்ணுதான்னு தெரியல" என்று அழுதாள். மல்சுக்குக்கு அவள் முகம் இரண்டாகத் தெரிந்தது. கையைத் தூக்கி அவளைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

ஒரே ஆம்புலன்ஸில் இருவரையும் ஏற்றினார்கள். யோனிமுக்கு மரப்பு கழுத்து வரை வந்து அன்றைக்கே இறங்கிவிட்டது. மல்சுக்கின் நெஞ்சு, மலைப்பாதையின் கடைசி வளைவில் வேலையை நிறுத்தியது. வண்டியிலிருந்தவர் மூச்சுப் பையை அமுக்கி அமுக்கி மூச்சைக் கொடுத்துக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போட்டார்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது, உடம்பு விஷத்தைத் தானாக வெளியேற்றும்வரை இயந்திரம் அவளுக்காக மூச்சு விடும், அவ்வளவுதான் என்று டாக்டர் சங்ரொக்கிடம் சொன்னார்.

அவளுக்கு எல்லாம் கேட்டது. கண்ணிமையைக் கூடத் தூக்க முடியவில்லை, ஆனால் காது முழுசாக விழித்திருந்தது. சங்ரொக் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷம் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் பேசினான். எஞ்சின் வால்வு பற்றிப் பேசினான், மகள் கிளம்பி வந்துகொண்டிருப்பதைச் சொன்னான், கடையின் கிம்ச்சி ஊறுகாய்ச் சாடியை மூடி வைத்தேனா இல்லையா என்று தெரியவில்லை என்றான். ஜுங்கிலும் வந்தார். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் வழக்கப்படி ஒரு பெட்டி ஜூஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு, லாரிகள் திரும்பிப் போய்விட்டன, கொஞ்சம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம் என்று தணிந்த குரலில் சங்ரொக்கிடம் குறைபட்டுக்கொண்டார். அதற்கு அவள் மனதுக்குள் கொடுத்த பதில்கள் வெளியே வந்திருந்தால் ஆஸ்பத்திரியைக் காலி செய்திருப்பார்கள். சாவோமா என்ற பயத்தைவிட, பதில் சொல்லாமல் செத்துவிடுவோமோ என்ற ஆத்திரம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. விட மாட்டேன், என்று அந்த இருட்டுக்குள் கிடந்தபடியே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை அவள் விரல் போர்வையைச் சுரண்டியது. மறுநாள் குழாயை எடுத்தார்கள். தொண்டை ரணமாக இருந்தது. சங்ரொக் காதைக் கொண்டுவந்தான்.

"ஜுங்கில் கொண்டாந்த ஜூஸ் எங்க?" என்றாள்.

"குடிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"பயந்தா எனக்குத் தாகம் எடுக்குது" என்றான் அவன். அதற்குப் பிறகுதான் அழுதான்.

அவள் ஊர் திரும்பியபோது பண்ணைச் சிப்பியின் சோதனை முடிவும் வந்திருந்தது. அதிலும் விஷம் அளவை மீறித்தான் இருந்தது. விரிகுடா முழுவதையும் மூடிவிட்டார்கள். இதில் மல்சுக்கின் தப்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஊருக்குப் பழிபோட ஒரு முகம் தேவைப்பட்டது, அவள் முகம்தான் கிடைத்தது. முன்பு கைதட்டியவர்களே பார்த்தும் பார்க்காதது போலப் போனார்கள். ஒலிபெருக்கிப் பேச்சை யாரோ போனில் பதிவு செய்து வைத்திருந்தது வேறு பரவிவிட்டது. செய்தி நிருபர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஜுங்கில் ஊர்க்கூட்டம் போட்டார்.

கூட்டத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சிப்பி, விரிகுடா முனைக்கு அப்பால் வேற்றூர்ப் பாறையில் எடுத்தது என்று மல்சுக் நிருபர்களிடம் சொல்லவேண்டும், தொல்கேயின் பெயர் செய்தியில் வரக்கூடாது. யாருக்கும் நஷ்டமில்லை, பொய்யால் யாரும் சாகப்போவதில்லை. பல தலைகள் ஆடின. மல்சுக் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் இன்னும் முழுசாகத் தேறவில்லை.

"அன்னிக்கு நான் ஆடுன ஆட்டத்தைப் பாத்துத்தான் நீங்க பாறைக்குப் போனீங்க. அந்தப் பொண்ணு ஒழுங்காச் சொன்னா, நான் கேக்கல. யோனிம் செத்திருந்தா நான் கொன்னதுதான். அதை எங்க வேணா நின்னு சொல்றேன். ஆனா சிப்பி நம்ம பாறையில எடுத்தது. வேற ஊருப் பாறைன்னு சொன்னா, நாளைக்கே எவளாவது வாளியத் தூக்கிக்கிட்டு நம்ம பாறைக்கு எறங்குவா. இன்னொரு தடவ மைக்ல கத்த என்கிட்ட மூச்சு இல்ல."

"ஊர விட்டுக் கொடுக்கிறியா தங்கச்சி?" என்றார் ஜுங்கில்.

"ஊர்னா யாருண்ணே? லாரியா, நாங்களா?"

பின்வரிசையில் ஒருவன், குடிகாரி மாதிரி உளறி ஊர் மானத்தை வாங்கினவள் பேசுகிறாள் பார் என்று முணுமுணுத்தான். யோனிம் எழுந்தாள். அவள் புருஷனுக்கும் பண்ணை உண்டு. அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு, "உப்புப் பாத்தது நான். நம்ம பாறைதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முடிவெடுக்காமலே கூட்டம் கலைந்தது.

மறுநாள் மல்சுக் கடையைத் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டில் சாறு எடுத்து நூடுல்ஸ் போட்டாள். நாள் முழுக்க வந்தவர்கள் யோனிமும், தபால்காரரும்தான். மிச்சத்தைச் சங்ரொக் மூன்று வேளை தின்றான். அந்த வார இறுதியில் ஹாரிம் சோதனைக்குக் கடல்நீர் எடுக்க வந்தாள். தயங்கித் தயங்கிக் கடைக்குள் நுழைந்து, அந்த ஒலிபெருக்கிப் பதிவைக் கரையோரப் பள்ளிகளில் போட்டுக் காட்ட அனுமதி வேண்டும் என்று கேட்டாள். பெயரும் ஊரும் வெளியே தெரியாமல் மறைத்துவிடுகிறோம் என்றாள்.

"கேக்க எப்படி இருக்கு?" என்றாள் மல்சுக். அவள் அதுவரை அதைக் கேட்டதில்லை.

ஹாரிம் போனை எடுத்துப் போட்டாள். குழறலும் இளைப்புமாகத் தன் குரலை மல்சுக் கடைசி வரை கேட்டாள். முகம் சிவந்தது. கேட்டு முடித்துவிட்டு, ஈரத்துணியால் மேஜையை ஒரு முறை அழுத்தித் துடைத்தாள்.

"அசிங்கமாத்தான் இருக்கு. போடு. ஆனா எதையும் மறைக்காத. தொல்கே மல்சுக்குன்னு போடு. மறைச்சா, யாரோ எங்கயோ செத்துப் பொழச்சாங்கன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க."

ஜூன் மாதம் விரிகுடாவைத் திறந்தார்கள். லாரிகள் வந்தன. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக மறுபடி அவளோடு பேச ஆரம்பித்தார்கள், அவளும் முகம் கொடுத்தாள். ஜுங்கில் மட்டும் இன்றைக்கும் படகுத்துறைக்குப் போகவேண்டுமானால் அவள் கடையைத் தவிர்த்துப் பின்தெரு வழியாகத்தான் போகிறார்.